செடிக்கு இரண்டரைக் காய்

வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் இந்த இடைவெளியில் மணிலா, அதாவது நிலக்கடலை, போட்டால், செடி சாகாமல் வந்தால், ஒரு ஏக்கரில் சுமார் 1,35,000 செடி நிற்கும். அந்த ஏக்கரில் 1,000 கிலோ காய் எடுப்பவருக்குச் செடி ஒன்று 7.4 கிராம் தருகிறது. கொத்து ரகத்தில் காய்ந்த காய் ஒன்றின் எடையை 0.9 கிராம் என்று வைத்தால், செடிக்கு எட்டுக் காய். அந்த எட்டில் இரண்டரைக் காயைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. விவசாயியின் லாபம் ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டரைக் காய்க்குள்தான் இருக்கிறது.

திருவண்ணாமலையைச் சுற்றிய செம்மண் காடுகளில் நிலக்கடலைக்கு மணிலா என்றும் மல்லாட்டை என்றும் பெயர். கீழ்பென்னாத்தூர், செங்கம், தண்டராம்பட்டு, போளூர், சேத்துப்பட்டு என எந்தப் பக்கம் போனாலும் ஆடியில் இதுதான் மானாவாரி. கிணறு இருப்பவர்களுக்கு மார்கழிப் பட்டத்தில் இதுவே இறவைப் பயிர். இந்த ஊர்கள் ஆற்காட்டுச் சீமையில் இருந்த காலத்தில், இந்த வட்டாரத்துக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்கு, எண்ணெய்க்கும் சோப்புக்குமாகப் போயிற்று. அன்று அது மழையை நம்பிய பயிர். 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது நிலைமை மாறியிருந்தது. கிணறும் மோட்டாரும் பரவி, மணிலா பாய்ச்சல் பயிராகவும் ஆகியிருந்தது. ஆனால் இன்றும் பல வீட்டுக் கணக்கு நோட்டில் விதை, உழவு, களை, உரம், கூலி எல்லாவற்றுக்கும் வரி இருக்கும். தண்ணீருக்கு வரி இருக்காது. அந்த வரியைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அளவு. மணிலாவுக்கு மொத்தத் தண்ணீர்த் தேவை 500 முதல் 550 மி.மீ. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். ஆக 500 மி.மீ. என்பது 20 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். நெல்லுக்கு 1,200 மி.மீ. வேண்டும்; அது 48 லட்சம் லிட்டருக்கும் அதிகம். ஒரு ஏக்கர் நெல்லின் தண்ணீரில் இரண்டு ஏக்கர் மணிலா தாராளமாக வரும்.

அளவைக் கண்முன் நிறுத்த ஓர் உதாரணம். தென்பெண்ணையின் குறுக்கே, தண்டராம்பட்டு வட்டத்தில் நிற்கிறது சாத்தனூர் அணை. அதன் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வழியில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிரம்பிய அணை 1 லட்சம் ஏக்கர் மணிலாவை விதைப்பிலிருந்து அறுவடை வரை கொண்டு சேர்க்கும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேற்றப்பட்டது. ஒரு விநாடியில் கடந்த தண்ணீர் மட்டும் 47 லட்சம் லிட்டருக்கு மேல். இரண்டு ஏக்கருக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவையான தண்ணீர் ஒரு விநாடியில் ஓடியது. கரையோரத்து ஊர்கள் அன்று பட்ட பாட்டை இந்தக் கணக்கு சொல்லாது. தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதைவிட எந்த நாளில் வந்தது என்பதே பெரிது என்பதை மட்டும் சொல்லும். வயலிலும் இதே நியாயம்தான்.

105 நாள் பயிரை நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் 25 நாள் செடி சின்னது. நாளைக்கு 3 மி.மீ. போதும் என்று வைப்போம், 75 மி.மீ. ஆகிறது. 25ஆம் நாளிலிருந்து 60ஆம் நாள் வரை பூவும், பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதும். நாளைக்கு 5 மி.மீ., மொத்தம் 175. 60 முதல் 90 வரை காய் பெருத்துப் பருப்பு நிறையும் காலம், நாளைக்கு 5.5 மி.மீ. வீதம் 165. கடைசி 15 நாளுக்கு 4 வீதம் 60. கூட்டினால் 475. விதைப்புக்கு முன் நிலத்தை நனைக்கும் ஈரத்தையும் சேர்த்தால் 500 வந்துவிடும்.

மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. மழை பெய்கிறதே, மானாவாரிக்கு என்ன குறை என்று கேட்கலாம். குறை மண்ணில் இருக்கிறது. மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 120 மி.மீ. தண்ணீரைத்தான் செடிக்காகப் பிடித்து வைக்கும். மணிலாவின் வேர் பெரும்பாலும் மேல் அரை மீட்டரில் வேலை செய்வதால் கையிருப்பு 60 மி.மீ. அதிலும் பாதி தீர்ந்த உடனே செடிக்கு இழுப்பது கடினமாகிவிடும். ஆகவே சிரமமின்றிக் கிடைப்பது 30 மி.மீ. நாளைக்கு 5 மி.மீ. செலவானால் 6 நாள். ஆவணியில் ஒரே இரவில் 100 மி.மீ. கொட்டினாலும் மண்ணில் தங்குவது அந்த 60தான். மீதி ஓடையில் போகும், அல்லது வேருக்குக் கீழே இறங்கும். ஏழாம் நாள் செடி வாடத் தொடங்கும், பன்னிரண்டாம் நாள் கையிருப்பு காலி. மழைமானி நல்ல வருடம் என்று காட்ட, களத்தில் காய் குறைவாக இருப்பதன் காரணம் இதுதான். மழை அளவைக் கூட்டிப் போட்டு வறட்சி இல்லை என்று சொல்லும் அறிக்கைகள் எனக்கு அதனால்தான் வருத்தம் தருகின்றன. மணிலாவுக்குத் தேவையான கணக்கு மொத்த மழை அன்று. இரண்டு மழைக்கு நடுவில் கடந்த நாட்களின் எண்ணிக்கை.

இனி ரூபாய். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் வெளியிட்ட பாசன ஏடு ஒன்று பயிர்வாரியாக ஓர் எண்ணைத் தந்தது: தண்ணீர் ஒரு பங்கு குறைந்தால் விளைச்சல் எத்தனை பங்கு குறையும் என்பது. நிலக்கடலைக்குப் பருவம் முழுமைக்கும் சேர்த்து அந்த எண் 0.7. ஆனால் பருவத்தைப் பிரித்தால் வளர்ச்சிக் காலத்தில் 0.2, பூக்கும் காலத்தில் 0.8, காய் உருவாகும் காலத்தில் 0.6, முற்றும் காலத்தில் மறுபடி 0.2.

நம்முடைய ஏக்கரைக் கணக்கில் வைப்போம். தண்ணீர் குறையாவிட்டால் 1,000 கிலோ. விலை, 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை: குவிண்டால் 7,263 ரூபாய். செலவு, அந்த விலையைக் குறிக்கும்போது கணக்கில் எடுத்த உற்பத்திச் செலவு: குவிண்டாலுக்கு 4,842 ரூபாய். குடும்ப உழைப்பின் மதிப்பும் அதில் அடங்கும். இது நாடு முழுவதற்கும் பொதுவான சராசரி; இந்தப் பக்கத்துக் கூலிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். ஆனாலும் 10 குவிண்டால் விளையும் ஏக்கருக்கு 48,420 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு நகரும். ஒரே ஒரு பருவத்தில் மட்டும் 40 சதவீதம் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்?

குறைவே இல்லை: 1,000 கிலோ, வரவு 72,630, மிச்சம் 24,210 ரூபாய்.
முதல் 25 நாளில் குறைவு: 920 கிலோ, வரவு 66,820, மிச்சம் 18,400.
பூவும் விழுதும் உள்ள நாளில் குறைவு: 680 கிலோ, வரவு 49,388, மிச்சம் 968.
காய் நிறையும் நாளில் குறைவு: 760 கிலோ, வரவு 55,199, மிச்சம் 6,779.
முற்றும் நாளில் குறைவு: 920 கிலோ, வரவு 66,820, மிச்சம் 18,400.

மூன்றாவது வரியில் நிற்க வேண்டும். விளைச்சலில் போனது 32 சதவீதம். மிச்சத்தில் போனது 96 சதவீதம். உழவும் விதையும் களையும் உரமும் முன்பே செலவாகிவிட்டன. காய் ஆயும் கூலி கொஞ்சம் குறையலாம். செடி பிடுங்கும் கூலி குறையாது. அந்த 320 கிலோ எங்கே போயிற்று என்று பார்த்தால், 1,35,000 செடியில் செடிக்கு 2.4 கிராம். அதாவது இரண்டரைக் காய். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இந்த வயலும் நல்ல வயலும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் மண்ணுக்குள்ளே இருக்கிறது.

அந்த 40 சதவீதக் குறைவு எவ்வளவு தண்ணீர்? 175 மி.மீட்டரில் 70 மி.மீ.; ஏக்கருக்கு 2,83,000 லிட்டர். ஒன்றரைப் பாய்ச்சலுக்கு மேல் இல்லை. இழந்த காயின் விலை 23,242 ரூபாய். வகுத்தால் 1,000 லிட்டருக்கு 82 ரூபாய். முதல் 25 நாளில் செடி குடிப்பதே கொஞ்சம், ஆகவே 40 சதவீதம் என்பதும் அங்கே சின்ன அளவுதான் என்று ஒருவர் சொல்லலாம், சரியான பேச்சு. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டாலும் அங்கே 1,000 லிட்டரின் மதிப்பு 48 ரூபாய்தான் வருகிறது.

பூப்பருவத்துக்கு ஏன் இந்த விலை? மற்ற எண்ணெய்வித்துகள் மண்ணுக்கு மேலே காய்ப்பவை. எள்ளும் ஆமணக்கும் சூரியகாந்தியும் பூத்த இடத்திலேயே விதை பிடிக்கும். மணிலா மேலே பூத்துக் கீழே காய்க்கிறது. கருவுற்ற பூவிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய். செம்மண்ணின் மேல்புறம் காய்ந்தால் ஓடு கட்டிவிடும். விழுதின் நுனி அதை மோதி நின்றுவிடும். பிறகு வரும் மழை வேருக்கு உதவும், தவறிப்போன விழுதுக்கு உதவாது. செடி மறுபடி பூக்கும். ஆனால் அந்தப் பூ கணுவில் உயரத்தில் இருக்கும். விழுது மண்ணுக்கு எட்ட நாளாகும், எட்டினாலும் அறுவடையன்று அது பிஞ்சாகவே இருக்கும்.

இதோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்துகொள்கிறது. காய்க்கு வேண்டிய கால்சியத்தை வேர் அனுப்புவதில்லை. வளரும் காயே தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்து தோல் வழியாக எடுத்துக்கொள்கிறது. அதற்காகத்தான் ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். இறவையில் 40 முதல் 45ஆம் நாள். மானாவாரியில் ஈரம் வாய்க்கும் நாளைப் பார்த்து 40 முதல் 75ஆம் நாள் வரை. மேல் மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் ஜிப்சம் கரையாது, காய்க்குள் போகாது. மூட்டை தூக்கிவந்த செலவும் வீண், தூவிய கூலியும் வீண். பொக்குக் காய் அதிகமாகும். உரிப்பில் அது தெரியும்: நல்ல காய் 100 கிலோவுக்கு 70 கிலோ பருப்பு தந்தால், 1,000 கிலோ காய் 700 கிலோ பருப்பு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் புழங்கும் 80 கிலோ மூட்டைக் கணக்கில் எட்டே முக்கால் மூட்டை. தண்ணீர் தவறிய 680 கிலோவில் உரிப்பு 65ஆகக் குறைந்தது என்று வைத்தால் 442 கிலோ, ஐந்தரை மூட்டை. காயில் 32 சதவீதமாக இருந்த நட்டம் பருப்பில் 37 ஆகிறது. எண்ணெய் ஆட்டுபவருக்கும் அதே அளவு குறையும்.

எந்தப் பருவம் மிக முக்கியம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஐ.நா. ஏடு பூக்கும் காலத்தை முதலில் வைக்கிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 1980களில் செய்த சோதனைகள் பருப்பு நிறையும் காலத்து வறட்சியே அதிகம் கெடுக்கிறது என்று காட்டின. அதே சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: பூப்பதற்கு முன் தண்ணீரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, பின்பு தாராளமாக விட்ட செடி, முழுக்க நனைத்த செடியைவிட அதிகம் காய்த்தது. இலை, தண்டு என்று போகும் பலம் அடங்கி, பூ ஒரே சமயத்தில் கொட்டுகிறது. என் பார்வையில் வயலுக்கு இரண்டு முடிவும் ஒன்றுதான். 30ஆம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை ஈரம் அறக்கூடாது. அதற்கு முன் 20ஆம் நாள் வரை மோட்டாரைத் தேவையில்லாமல் போட வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பாய்ச்சல் அட்டவணையும் அதையே சொல்கிறது: விதைப்புத் தண்ணீர், 4ஆம் அல்லது 5ஆம் நாள் உயிர்த்தண்ணீர், அடுத்தது 20ஆம் நாள், பிறகு பூக்கும்போது இரண்டு, விழுது இறங்கும்போது ஒன்றோ இரண்டோ, காய் வளரும்போது இரண்டோ மூன்றோ.

கடைசி நாட்களை 0.2 என்ற சிறிய எண்ணைப் பார்த்து ஒதுக்கிவிடவும் கூடாது. அந்த எண் எடையைத்தான் அளக்கிறது. முற்றும் காலத்தில் மண் காய்ந்து சூடேறினால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை காய்க்குள் நுழைந்து அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. பெரும்பாலான கொத்து ரகங்களுக்கு உறக்கக் காலம் கிடையாது. முற்றிய பிறகு மண் நனைந்தே கிடந்தால் காய் நிலத்திலேயே முளைத்துவிடும்.

இப்போது தண்ணீரின் செலவு. 5 குதிரைசக்தி மோட்டார், பம்பின் திறன் 60 சதவீதம் என்று வைப்போம். தண்ணீரை 25 மீட்டர் ஏற்ற வேண்டுமானால் மணிக்கு 33,000 லிட்டர் வரும். 60 மீட்டர் ஏற்ற வேண்டுமானால் 13,600தான். ஓர் ஏக்கரை 50 மி.மீ. நனைக்க 2,02,000 லிட்டர். முதல் கிணற்றில் 6 மணி நேரம், இரண்டாவதில் 15 மணி நேரம். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் மின்சாரம் முறையே சுமார் 29 யூனிட்டும் 70 யூனிட்டும். யூனிட்டை 7 ரூபாய் என்று போட்டால் 1,000 லிட்டருக்கு 1 ரூபாய். ஆழக் கிணற்றில் 2 ரூபாய் 40 காசு. பூப்பருவத்தில் 82 ரூபாய் தரும் பொருளின் அடக்க விலை இவ்வளவுதான்.

அதையும் விவசாயி கட்டுவதில்லை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அந்தச் சலுகையால் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விடாமல் நின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நோட்டில் தண்ணீருக்கு வரி இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 15ஆம் நாள் பாய்ச்சலும் 45ஆம் நாள் பாய்ச்சலும் ஒரே விலை, அதாவது விலையே இல்லை என்று ஆகிவிட்டது. மாவட்டத்தின் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீர் மிகைச்சுரண்டல் பட்டியலில் ஏறியிருக்கும்போது, தட்டுப்பாடு பணத்தில் தெரிவதில்லை; கிணறு ஓடும் மணி நேரத்தில்தான் தெரிகிறது.

மானாவாரிக்காரருக்கு அந்த மணி நேரமும் கிடையாது. அவருக்கு வழி பண்ணைக்குட்டை. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 2 லட்சம் லிட்டர்; ஓர் ஏக்கருக்கு ஒரு முழுப் பாய்ச்சல். தெளிப்பு நீரில் 30 மி.மீ. மட்டும் கொடுத்தால் 1,21,000 லிட்டர் போதும். கசிவும் ஆவியும் போக மிஞ்சுவதில் அது கிடைக்கும். தெளிப்பான் ஏறத்தாழ 30 சதவீதத் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்கிறது பல்கலைக்கழகம். நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. குட்டையும் வற்றிவிட்டால் 0.5 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலைப் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் தெளிப்பது வறட்சியைக் கொஞ்சம் தாங்க வைக்கும். அது தண்ணீருக்கு மாற்று ஆகாது.

கிணறு வைத்திருப்பவர் மார்கழிக்கு முன் எடுக்கும் ஒரு முடிவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: இருக்கும் தண்ணீரில் எத்தனை ஏக்கர் போடுவது. இரண்டு ஏக்கருக்கு முழுதாகப் போதும் தண்ணீரை மூன்று ஏக்கருக்குப் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறையும். பருவம் முழுமைக்குமான 0.7ஆல் பெருக்கினால் விளைச்சல் 23 சதவீதம் இறங்கி, ஏக்கருக்கு 767 கிலோ. மூன்று ஏக்கருக்கு 2,300 கிலோ. இரண்டு ஏக்கராக இருந்தால் 2,000 கிலோ. உற்பத்தியை மட்டும் பார்க்கும் நிபுணர் பரப்பிப் போடு என்பார். மொத்தம் 300 கிலோ கூடுகிறதே. அந்த 300 கிலோவின் விலை 21,789 ரூபாய். மூன்றாவது ஏக்கரின் செலவு 48,420. இரண்டு ஏக்கரின் மிச்சம் 48,420 ரூபாய், மூன்று ஏக்கரின் மிச்சம் 21,789. வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கைவிதைக்கும் பணம் இல்லை என்று தள்ளி, மூன்றாவது ஏக்கரின் செலவைப் பாதியாக்கினாலும் 24,210 வருகிறது. 300 கிலோவின் விலை அதையும் எட்டவில்லை. ஆகவே மூன்றாவது ஏக்கரில் மணிலா வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன ஈரத்தில் உளுந்து தூவலாம், கம்பும் ஆகும்.

எத்தனை ஏக்கர் என்று அறிய ஒரு 200 லிட்டர் பீப்பாயும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். குழாயடியில் பீப்பாய் 22 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 33,000 லிட்டர். 53 விநாடி ஆனால் 13,600. அடுத்து, கிணறு அடி தட்டும் வரை மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, மறுநாள் அதே அளவு ஊறுகிறதா என்று பார்க்க வேண்டும். 53 விநாடிக் கிணறு நாளைக்கு 3 மணி நேரம் ஓடினால் 40,800 லிட்டர். பூப்பருவத்தில் 10 நாளில் 4,08,000 லிட்டர். நாளைக்கு 5 மி.மீ. வீதம் அந்த 10 நாளுக்கு ஏக்கருக்கு 2,02,000 லிட்டர் வேண்டும்; ஆகவே அந்தக் கிணறு இரண்டு ஏக்கர் மணிலாவைத் தாங்கும்.